கதிரையில் இருப்பவரைத் தீட்டுவது: வெளிச்சம், நிழல், தளர்ந்த தூரிகை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஓவியம் பழகுகிறவர்களும், பாடசாலைச் சித்திரப் பாடத்தோடு நின்றுவிட்டுப் பிறகு திரும்பத் தூரிகை எடுத்தவர்களும், லீவில் வந்து நிற்கும்போது அம்மம்மாவை ஒருமுறை தீட்டிவிட வேண்டும் என்று நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. என் பதில்கள் பெரும்பாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும்: நிழல் எது, வெளிச்சம் எது என்று முதலில் முடிவெடுத்தவரால்தான் தூரிகையைத் தளரவிட முடியும்.

வடக்கு வெளிச்சம்தான் நல்லது என்கிறார்கள். எங்கள் வீட்டு வடக்கு யன்னல் ஏன் சரிவரவில்லை?

அந்த அறிவுரை ஐரோப்பாவிலிருந்து வந்தது. அங்கே நடுப்பகலில் சூரியன் எந்த மாதமும் தெற்கில்தான் நிற்கும். ஆகவே வடக்கு யன்னலால் பெரும்பாலும் வானத்து வெளிச்சம் மட்டுமே வரும்; அது மணிக்கணக்காக அதிகம் மாறாது. யாழ்ப்பாணத்தின் கதை வேறு. நாங்கள் நிலநடுக்கோட்டிலிருந்து பத்துப் பாகைகூட வடக்கே இல்லை. ஏப்ரல் நடுப்பகுதியில் நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும். அதிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை அது வடக்கே உதித்து, வடக்குப் பக்கமாகவே போய், வடக்கே மறைகிறது. அந்த மாதங்களில் வடக்கு யன்னலோரம் ஒருவரை இருத்தினால், காலையிலும் பின்னேரத்திலும் வெயில் சாய்ந்து உள்ளே வந்து அவருடைய கன்னத்தில் ஏறும். அரைமணி நேரத்தில் நிழல் முழுக்க இடம் மாறிவிடும்.

அதனால் மாதத்தைப் பார்த்து யன்னலைத் தெரிவு செய்யுங்கள். செப்டெம்பர் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதிவரை வடக்கு யன்னல். மே, ஜூன், ஜூலையில் தெற்கு யன்னல். அப்போது அதன் வழியே நாள் முழுவதும் நேர்வெயில் வராது. இடைப்பட்ட வாரங்களில் எந்த யன்னலையும் ஒருநாள் முழுக்கக் கவனித்துவிட்டுத்தான் கதிரையைப் போட வேண்டும். ஒக்டோபர், நவம்பர் மழைக்காலத்தில் முகில் மூடிய நாட்கள் வருமே, அவைதான் எனக்கு மிகவும் பிடித்தவை. வெளிச்சம் குறைவு, ஆனால் நிழல் நகராது.

பழைய நாற்சார் வீடு வாய்த்தவர்கள் பாக்கியசாலிகள். நடு முற்றத்தால் இறங்கும் வெளிச்சத்துக்கு ஈடாக ஒரு யன்னலையும் சொல்ல முடியாது. ஆனால் முற்றத்தின் விளிம்பிலேயே இருத்திவிடாதீர்கள். தலைக்கு நேரே மேலிருந்து ஒளி விழுந்தால் கண்குழி இரண்டும் இருண்டு முகம் களைத்ததுபோலத் தெரியும். நாலைந்து அடி உள்ளே தள்ளிக் கதிரையைப் போடுங்கள். ஒளி சாய்வாக வந்து சேரும்.

எங்கள் அறையில் நாலு பக்கமும் வெளிச்சம் வருகிறதே?

ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை மூடுங்கள். பழைய சேலையோ பாயோ போதும். டியூப் லைட்டை அணையுங்கள். யன்னல் வெளிச்சத்தோடு அதுவும் சேர்ந்தால் முகத்தில் இரண்டு விதமான நிறம் கலந்து நிழலே இல்லாமல் போகும். மிஞ்சிய யன்னலின் கீழ்ப்பாதியையும் மறைத்துப் பாருங்கள். ஒளி மேலிருந்து சாய்ந்து இறங்கும்போது நெற்றியும் மூக்கும் கன்ன எலும்பும் தெளிவாக எழும்பும், தாடைக்குக் கீழே ஒரு நல்ல நிழல் விழும்.

கிடுகு வேலியின் இடுக்கால் வரும் பொட்டுப் பொட்டான வெயில் பார்க்க அழகுதான். அதை இரண்டாம் வருடத்துக்கு வைத்திருங்கள். அது முகத்தின் உருண்டையை உடைத்துவிடும்.

எப்படி இருத்த வேண்டும்? எந்தக் கதிரை?

தொடங்குகிறவர்களுக்குக் கைப்பிடி உள்ள, முதுகு நிமிர்ந்த மரக் கதிரை. சாய்மனைக் கதிரையில் அப்பப்பா சாய்ந்திருக்கும் காட்சியை எல்லாரும் தீட்ட ஆசைப்படுவார்கள். ஆனால் அதில் தலை பின்னால் போகும், நாடியின் அடிப்பக்கமும் மூக்குத் துவாரமும் தெரியும், தொடை உங்களை நோக்கி நீட்டிக்கொண்டிருப்பதால் உள்ளதைவிடக் குறுகித் தெரியும். நிமிர்ந்து இருக்கும் உருவத்தில் கை பழகிய பிறகு அதற்கு வாருங்கள்.

நீங்கள் நின்று தீட்டி, அவர் கீழே இருந்தால், தலை பெரிதாகவும் கால் சிறிதாகவும் தெரியும். அவருடைய கண்ணும் உங்கள் கண்ணும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பது நல்லது. ஓவியக்கூடங்களில் இதற்கென்று ஒரு மேடை வைத்திருப்பார்கள். எங்களிடம் திண்ணையும் உயர்ந்த விறாந்தையும் இருக்கின்றன. கதிரையை விறாந்தையில் போட்டுவிட்டு நீங்கள் முற்றத்தில் நில்லுங்கள். எட்டுப் பத்து அடி தள்ளி நின்றால் நல்லது. கிட்ட நின்றால் முழங்கால் முகத்தைவிடப் பெரிதாக வந்து நிற்கும்.

அளவுக்கு ஒரு கணக்கு: கதிரையில் நிமிர்ந்து இருப்பவர் நிலத்திலிருந்து உச்சிவரை ஐந்தரைத் தலை அளவு இருப்பார், இருக்கும் பலகையிலிருந்து உச்சிவரை கிட்டத்தட்ட நாலு தலை. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். கையை முழுதாக நீட்டி, தூரிகைக் காம்பால் அளந்து சரிபாருங்கள்.

கதிரையை ஆளுக்குப் பிறகு தனியாகக் கீறினால் ஆள் காற்றில் மிதப்பார். இரண்டையும் ஒன்றாகப் பாருங்கள். கதிரையின் நாலு காலும் தரையைத் தொடும் புள்ளிகளை இணைத்தால் ஒழுங்கான ஒரு நாற்கோணம் வருகிறதா என்று கவனியுங்கள். தொடை பலகையில் அழுந்தும் இடத்தில் ஒரு ஒடுங்கிய, ஆழமான இருள் இருக்கும். படத்தின் மிக இருண்ட தீற்றல்களில் ஒன்று அது. அதை வைத்தவுடன் உடம்புக்குப் பாரம் வந்துவிடும்.

ஒருவரை எவ்வளவு நேரம் இருக்கச் சொல்லலாம்?

இருபது நிமிடம், பிறகு ஓய்வு. வயதானவர் என்றால் பத்து, பதினைந்து நிமிடம் போதும். எழும்பும் முன் கால் வைத்த இடத்தையும் கதிரைக் கால்களையும் சோக்கால் தரையில் குறித்துவிடுங்கள். உடுப்பையும் கதிரையையும் தீட்டும்போது அவர் தாராளமாகக் கதைக்கலாம். வாயைத் தீட்டும் சில நிமிடங்கள் மட்டும் அமைதி கேளுங்கள். மொத்தமாக இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஒரே அமர்வை நீட்டாதீர்கள். அதற்குள் வெளிச்சம் மாறிவிடும். மறுநாள் அதே நேரத்துக்குத் தொடருங்கள்.

முதலில் பென்சிலால் வடிவாகக் கீறிவிட்டு நிறம் பூசலாமா?

எங்களில் பலருக்குப் பாடசாலையில் பழகிய முறை அதுதான்: வெளிக்கோடு, பிறகு உள்ளே நிறம் நிரப்புவது. ஒளியும் நிழலும் கொண்டு ஒரு ஆளைத் தீட்ட வரும்போது இந்தப் பழக்கம் பெரிய தடையாக நிற்கும். கோடு போட்டவுடன் கை அந்தக் கோட்டுக்குப் பயப்படத் தொடங்கும். அதைத் தாண்டாமல் நிறம் பூசுவதிலேயே கவனம் போய்விடும்.

எனவே உச்சி, நாடி, தோள், கதிரைப் பலகை, பாதம் இவற்றுக்குச் சின்ன அடையாளங்கள் மட்டும் போடுங்கள். பிறகு எரிந்த அம்பர் (burnt umber) என்ற கடும் மண்ணிறத்தை டர்பன்டைனில் தேநீர் போலத் தண்ணியாகக் கரைத்து, ஒரு அங்குல அகலப் பிரஷால் நிழல்களை மட்டும் பூசுங்கள். கண்களைச் சுருக்கிப் பார்த்தால் கூந்தல், கண்குழி, மூக்கின் ஒரு பக்கம், தாடைக்கீழ், கழுத்து, சேலை மடிப்பு, கதிரையின் அடி எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே பெரிய வடிவமாகத் தெரியும். அந்தச் சேர்ந்த வடிவத்தைத்தான் பூச வேண்டும். நிழலுக்குள் இருக்கும் கண்ணிமையையும் பொத்தானையும் பிரித்துக் காட்டாதீர்கள்.

இப்போது கன்வஸில் இரண்டே நிலை இருக்கும்: நிழல், நிழல் இல்லாதது. கண்ணும் இல்லை, வாயும் இல்லை. பத்தடி தள்ளி வைத்து வீட்டிலுள்ள ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். "இது பெரியம்மா எல்லோ" என்று அவர் சொன்னால் மேலே போகலாம். சொல்லாவிட்டால் துணியால் துடைத்துவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். இந்தக் கட்டத்தில் துடைப்பதற்கு ஒரு செலவும் இல்லை. இரண்டு நாள் நிறம் பூசிய பிறகு அதே பிழையைத் திருத்த முழுப் படத்தையும் கொடுக்க வேண்டிவரும்.

நிழலுக்குள் எவ்வளவு வெளிச்சம் காட்டலாம்?

நினைப்பதைவிடக் குறைவாக. ஒரே தோலில், வெளிச்சப் பக்கத்தின் மிக இருண்ட இடம்கூட நிழல் பக்கத்தின் மிக வெளிறிய இடத்தைவிட வெளிறியே இருக்க வேண்டும். பழைய வீடுகளின் சிவப்புச் சீமெந்துத் தரை தாடையின் அடியில் ஒரு செம்மையை எறியும். அதைக் கண்டவுடன் மகிழ்ச்சியில் அதிகம் வெளுக்க வைத்துவிடுவோம், முகத்தின் திரட்சி போய்விடும். நிறத்தைச் செம்மையாக்குங்கள், இருளைக் குறைக்காதீர்கள்.

இன்னொன்று, நிழலின் ஓரம். கன்னம் உருண்டு திரும்பும் இடத்தில் நிழல் மெதுவாகத் தொடங்கும், ஓரம் மென்மை. மூக்கு மேலுதட்டில் எறியும் நிழல் மூக்கினருகே கூராகவும், தள்ளிப்போகப் போக மங்கலாகவும் இருக்கும். இந்த இரண்டு ஓரங்களையும் ஒரே மாதிரிப் பூசினால் முகம் தகரத்தில் வெட்டியதுபோல ஆகிவிடும்.

எங்கள் தோல் நிறத்துக்கு எந்தக் குழாய் வாங்குவது?

"தோல் நிறம்" என்று பெயர் ஒட்டி வரும் இளஞ்சிவப்புக் குழாயை வாங்காதீர்கள். அது எங்கள் யாருடைய தோலும் இல்லை. மஞ்சள் ஓக்கர் (மங்கலான மண்மஞ்சள்), எரிந்த சியன்னா (செம்மண்ணிறம்), ஒரு சிவப்பு, அல்ட்ராமரீன் நீலம், வெள்ளை. இவ்வளவும் போதும். அல்ட்ராமரீனையும் எரிந்த சியன்னாவையும் கலந்தால் கறுப்புக்கு அருகில் வரும் ஆழமான இருள் கிடைக்கும். விகிதத்தை மாற்றிச் சூடாகவோ (செம்மைப் பக்கம்) குளிராகவோ (நீலப் பக்கம்) சாய்க்கலாம். சுவீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) வெள்ளை, ஓக்கர், சிவப்பு, கறுப்பு ஆகிய நாலை மட்டும் வைத்துப் பல முகங்களைத் தீட்டியவர். கறுப்பும் ஓக்கரும் சேர்ந்தால் வரும் ஒலிவ் பச்சை, கறுப்பும் வெள்ளையும் சேர்ந்தால் வரும் நீலச் சாயல் இரண்டும் மாநிறத் தோலுக்கு மிகப் பொருந்தும். முதல் சில முகங்களை அந்த நாலிலேயே செய்து பாருங்கள்.

கருந்தோலைத் தீட்டுவதில் ஒரு பெரிய இன்பம் இருக்கிறது, அதைப் பலர் தவறவிடுகிறார்கள். வெளிச்சம் பட்ட இடத்தை வெள்ளை கலந்து வெளுக்க வைக்கும் பழக்கம்தான் காரணம். வெள்ளை கூடினால் தோல் சாம்பல் பூசியதுபோல மங்கிவிடும். ஒளியில் உள்ள பகுதிக்கு ஓக்கரையும் சிவப்பையும் முதலில் கூட்டுங்கள், வெள்ளையைக் கடைசியாகக் கொஞ்சம். நெற்றி மேட்டிலும் மூக்குத் தண்டிலும் கன்ன எலும்பிலும் மினுங்கும் ஒளிப்பொட்டு தோலின் நிறத்தில் இருக்காது. யன்னலுக்கு வெளியே உள்ள வானத்தின் நிறத்தில் இருக்கும். முகில் நாளில் அது நீலச்சாம்பல். அதைத் துணிந்து ஒரே தீற்றலாக வையுங்கள். பக்கத்திலுள்ள மண்ணிறம் உடனே உயிர்பெறும். யன்னலால் வரும் வான் வெளிச்சம் குளிர்ச்சியானது என்பதால் நிழல் பக்கம் அதோடு ஒப்பிடச் சூடாகத் தெரியும். பின்னேர வெயிலில் இது தலைகீழாகும். தோலை வெளுக்க வைத்துத் தந்தால்தான் அழகு என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

வெள்ளை வேட்டி, திருநீறு எல்லாம் வெள்ளையாகத்தானே பூச வேண்டும்?

வேட்டியின் நிழல் பக்கத்தையும் யன்னல் வெளிச்சத்தில் இருக்கும் கையையும் ஒருசேரக் கண் சுருக்கிப் பாருங்கள். பல சமயம் இரண்டும் ஒரே அளவு இருளாகவே இருக்கும், சிலவேளை துணிதான் இருண்டிருக்கும். வேட்டி வெள்ளை என்று தெரிந்து வைத்திருப்பதால் மூளை ஏமாற்றுகிறது. திருநீற்றுக் குறியும் அப்படியே: வெளிச்சப் பக்கத்து நெற்றியில் தெளிவாக இருந்து, நிழல் பக்கம் திரும்பும்போது நெற்றியோடு மங்கிச் சேரும். மூன்று கோட்டையும் ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே வெள்ளையில் இழுத்தால் நெற்றி தட்டையாகிவிடும்.

சேலைக் கரையில் உள்ள வேலைப்பாட்டை முழுக்கத் தீட்ட வேண்டாம். வெளிச்சம் மடிப்பில் முறியும் இரண்டு மூன்று இடத்தில் நன்றாகக் காட்டினால் மிச்சத்தைப் பார்ப்பவர் கண்ணே நிரப்பிக்கொள்ளும்.

தளர்ந்த தூரிகை என்றால் வேகமாகப் பூசுவதா?

இல்லை. இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் மினக்கெட்டுப் பதில் சொல்வேன்.

கையை விசுக்கிப் பூசினால் தளர்வு வராது, குழப்பம்தான் வரும். தளர்ந்து தெரிகிற ஒவ்வொரு தீற்றலுக்கும் பின்னால் மூன்று முடிவுகள் இருக்கின்றன: எவ்வளவு இருள், என்ன நிறம், எந்தத் திசை. மூன்றையும் பலட்டில் கலக்கும்போதே முடித்துவிட்டு, கன்வஸில் ஒருமுறை வைத்து, கையை எடுத்துவிட வேண்டும். திரும்பத் தேய்த்தால் பக்கத்து ஈர நிறத்தோடு கலந்து சேறாகும். தீற்றல் பிழையென்றால் பலட் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். ஜோன் சிங்கர் சார்ஜன்ட் (1856–1925) அப்படித்தான் வேலை செய்தார். பார்ப்பவருக்கு ஒரே மூச்சில் தீட்டியதுபோல இருக்கும் தலைகளை அவர் பலமுறை சுரண்டித் திரும்பத் தீட்டியிருக்கிறார். கன்வஸை இருப்பவருக்குப் பக்கத்திலேயே வைத்து, பின்னால் நடந்து போய் இரண்டையும் ஒன்றாகப் பார்த்து, முன்னால் வந்து ஒரு தீற்றல் வைப்பார். நடை அதிகம், தீற்றல் குறைவு.

இது அவரோடு தொடங்கியதும் இல்லை. ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கஸ் 1650இல் ரோமில் பாப்பரசர் பத்தாம் இன்னசன்ட்டைக் கதிரையில் இருத்தித் தீட்டிய படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்புப் பட்டு மேலங்கியின் மினுக்கம் கிட்டப் பார்த்தால் வெளிறிய கீற்றுகள் மட்டும்தான். தள்ளிப் பார்த்தால் பட்டு. ஆனால் முகத்தில் அந்தச் சுதந்திரம் குறைவு. அங்கே ஒவ்வொரு தீற்றலும் எலும்பைத் தேடிப் போகிறது. எங்கே தளர்த்துவது, எங்கே இறுக்குவது என்பதை இதைவிட நன்றாகச் சொல்லித்தரும் படம் எனக்குத் தெரியாது.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். நிழலை மெல்லிசாகப் பூசுங்கள், அடியிலுள்ள முதல் பூச்சு தெரிந்தாலும் பரவாயில்லை. வெளிச்சத்தைத் தடிப்பாக வையுங்கள். கன்னத்தில் தீற்றல் கன்னத்தைச் சுற்றிப் போகட்டும், மூக்குத் தண்டில் மேலிருந்து கீழே இறங்கட்டும். வெளிச்சம் பட்ட கண்ணையும் அந்தப் பக்கத்து வாயோரத்தையும் ஒழுங்காக முடியுங்கள். முழங்காலும் கதிரைக் காலும் சுவரும் அதிலிருந்து தள்ளிப் போகப் போகத் தளரட்டும்.

எத்தகைய பிரஷ்?

பன்றிமயிர்த் தட்டைப் பிரஷ், 8ஆம் இலக்கம் முதல் 12ஆம் இலக்கம் வரை நாலைந்து. சின்னது ஒன்றே ஒன்று. காம்பின் நுனியில் பிடித்துத் தோளிலிருந்து கையை அசையுங்கள்.

நிறமெல்லாம் சரி, ஆனால் ஆள் ஒத்து வரவில்லை.

கண்ணையும் உதட்டையும் திருத்தத் தொடங்காதீர்கள். பெரும்பாலும் பிழை தலையின் சாய்வில், கழுத்து தோளில் இறங்கும் கோணத்தில், அல்லது நெற்றி–மூக்கு–நாடி இடைவெளியில் இருக்கும். தெருவில் ஒருவர் முகம் தெரியும் முன்பே நிற்கும் விதத்தைக் கொண்டு அடையாளம் காண்கிறோம் அல்லவா? படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், கண்ணாடியிலும் பாருங்கள். பிழை தானாகத் தெரியும்.

கைகள்?

விரல்களை எண்ணித் தீட்டாதீர்கள். கையை முதலில் கையுறை போட்டதுபோல ஒரே கட்டியாக வையுங்கள், அதில் ஒளிப்பக்கம் நிழல்பக்கம் பிரியுங்கள், பிறகு இரண்டு விரலை மட்டும் தெளிவாக்குங்கள். தோட்டத்திலும் கடலிலும் உழைத்த கைகளின் முட்டியில் முகத்தைவிட அதிகம் செய்தி இருக்கும். மடியில் வைத்திருக்கும் கையை ஒளிபட இருத்துங்கள்.

அக்ரிலிக்கா, எண்ணெய் வர்ணமா?

மென்மையான ஓரங்களுக்கு எண்ணெய் வர்ணம். மே மாதத்திலிருந்து சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) அடிக்கும் காலத்தில் விறாந்தையில் வைத்து அக்ரிலிக் பூசினால் சில நிமிடத்தில் காய்ந்துவிடும், ஓரத்தை மெதுவாக்க நேரம் கிடைக்காது. காய்ந்தபின் கொஞ்சம் இருளும் கூடும். கையில் அதுதான் இருக்கிறதென்றால் உள்ளறையில் தீட்டுங்கள், பலட்டில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருங்கள். எண்ணெய் வர்ணத்தில் ஒரு விதி: கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவு, மேலே போகப் போக அதிகம். மாறிச் செய்தால் நாளடைவில் வெடிக்கும். கன்வஸ் விலை கட்டாவிட்டால் ஹார்ட்போர்ட்டில் அக்ரிலிக் பிரைமர் இரண்டு பூச்சுப் பூசிப் பழகலாம். மண்ணெண்ணெயை டர்பன்டைனுக்குப் பதிலாக வர்ணத்தில் கலக்க வேண்டாம்.

இறந்தவரின் போட்டோவைப் பார்த்துத் தீட்டித் தரச் சொல்கிறார்கள். செய்யலாமா?

செய்யலாம். 1995இல் போரால் நிகழ்ந்த யாழ்ப்பாண இடப்பெயர்வோடு எத்தனையோ வீடுகளின் படங்கள் தொலைந்து போயின. மிஞ்சிய ஒரே படம் அந்தியேட்டிக் கல்வெட்டில் (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு நூலில்) அச்சான முத்திரை அளவுப் போட்டோவாக இருக்கலாம். அதிலிருந்து ஒரு உருவத்தை மீட்டுத் தருவது மதிக்கத்தக்க வேலை. ஆனால் அடையாள அட்டைப் படமும் ஃபிளாஷ் போட்டு எடுத்த படமும் முன்னாலிருந்து ஒளி பாய்ந்தவை, நிழலே இருக்காது. அப்படியானால் அதே வயது, அதே உடல்வாகுள்ள ஒரு உறவினரை யன்னலோரம் கதிரையில் இருத்தி, ஒளி எப்படி விழுகிறது என்பதை அவரிடமிருந்து எடுங்கள். முக வடிவம் போட்டோவிலிருந்து வரட்டும். தம்பியோ தங்கையோ மகளோ இருந்தால் இன்னும் நல்லது, எலும்பு ஒத்திருக்கும்.

உயிரோடு இருப்பவரைத் தீட்டுகிறீர்கள் என்றால் போட்டோவை நம்பாதீர்கள். கமரா நிழலைக் கண்ணைவிட அதிகம் இருட்டாக்கிவிடும். ஆள் வீட்டிலேயே இருக்கிறார், கதிரையும் இருக்கிறது.

யாருடைய வேலையைப் பார்த்துப் படிப்பது?

எங்களிடம் இதற்கு ஒரு தொடர்ச்சி இருக்கிறது. 1930களின் இறுதியில் எஸ். ஆர். கனகசபை யாழ்ப்பாணத்தில் வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கி ஆசிரியர்களையும் இளைஞர்களையும் ஒன்றுசேர்த்தார். பிறகு அ. மாற்கு (1933–2000) தானும் தீட்டி, ஒரு தலைமுறை மாணவரையும் வளர்த்தார். மருதனார்மடத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைப் பீடம் இருக்கிறது. மாணவர் கண்காட்சி நடந்தால் தவறவிடாதீர்கள். கொழும்புக்குப் போனால் பார்ன்ஸ் பிளேஸில் உள்ள சபுமல் நிலையத்துக்குப் போங்கள். 1943இல் கொழும்பில் உருவான நவீன ஓவியர் அமைப்பான '43 குழுவைச் சேர்ந்த உருவப்பட ஓவியர் ஹரி பீரிஸின் வீடு அது. அச்சில் பார்ப்பதற்கும் தீற்றலின் தடிப்பைக் கிட்ட நின்று பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

முடிந்த பிறகு எப்படிப் பாதுகாப்பது?

எண்ணெய் வர்ணம் ஈரம் ஆவியாகிக் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து இறுகுகிறது. ஆகவே வெயிலில் வைத்து அவசரப்படுத்தாதீர்கள். தடிப்பாக வைத்த படத்துக்கு வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுங்கள். மாரியில் நனையும் வெளிச்சுவரில் மாட்டினால் பின்பக்கம் பூஞ்சணம் பிடிக்கும். உட்சுவரில், பின்னால் காற்றுப் போக இடைவெளி விட்டு மாட்டுங்கள்.

லின்சீட் எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடவே வேண்டாம். அந்த எண்ணெய் இறுகும்போது சூடு பிறக்கும். குவியலாகக் கிடந்தால் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். கொடியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர வாளியில் போடுங்கள்.